போட்டுட்டுப் போ, காலையில வரும்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். கையில் போன். கல்லூரி உதவித்தொகைக்கான அறிவிப்புப் பக்கத்தைத் திறக்கப் பார்க்கிறாள். கடைசித் தேதிக்கு இரண்டே நாள். திரையின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"மாமா, அந்தப் பக்கம் திரும்பினா திருத்தணி டவர் பிடிக்குது. இந்தப் பக்கம் திரும்பினா நகரி டவர். ரெண்டும் பிடிக்குது, ரெண்டும் நிக்க மாட்டேங்குது" என்றாள்.

எங்கள் ஊரான விஜயபுரம் இருக்கிற இடம் அப்படி. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாங்கள் சித்தூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டோம். 2022-இல் ஆந்திரம் தன் மாவட்டங்களைப் பிரித்தபோது புத்தூர் திருப்பதிப் பக்கம் போனது. நகரியும் விஜயபுரமும் சித்தூரோடு தங்கின. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். எல்லைக்கோட்டில் வாழ்கிறவர்களுக்கு எதுவும் முழுசாக வந்து சேர்வதில்லை. இப்போது சிக்னலும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

சென்னையில் இருக்கும் நண்பனுக்கு போன் செய்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, அதில் இருக்கும் எழுத்தை மட்டும் நகலெடுத்து மெயிலில் போடச் சொன்னேன். பேனர், படம், சுழலும் விளம்பரம் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வந்து விழுந்தது. யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன சான்றிதழ், வருமான வரம்பு எவ்வளவு, கடைசித் தேதி எது என்று எல்லாம் சேர்த்து ஒரு பக்கம்கூட இல்லை. டேங்க் மேல் உட்கார்ந்தபடியே படித்தாள். மறுநாள் காலை எல்லாச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நகரிக்கு ஒரே நடையாகப் போய், நெட் சென்டரில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். எது தேவை என்று தெரியாமல் போயிருந்தால் மூன்று நடை நடந்திருப்பாள்.

நான் செய்தது புது வித்தை இல்லை. கால் நூற்றாண்டுக்கு முன் எனக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்தது.

1999-இல் திருப்பதியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினியில் மோடம் உண்டு. அதில் இணையம் வராது, மெயில் மட்டும்தான். பகலில் எழுதி வைக்கிற கடிதங்களை எல்லாம் சேர்த்து, ராத்திரி ஒருமுறை போன் போட்டு அனுப்பும். வந்தவற்றை வாங்கி வைக்கும். ஆய்வக உதவியாளர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் அண்ணா. இணையத்தில் தமிழ்ப் புத்தகங்கள் ஏற்றுகிறார்களாம், பார்க்கவே முடியாதா என்று அவரிடம் புலம்பினேன். "ஏன் முடியாது? பக்கத்தோட முகவரி இருக்கா? இந்த மெயில் ஐடிக்கு அதை எழுதிப் போட்டுட்டுப் போ, காலையில வரும்" என்றார்.

வந்தது! இத்தாலியின் திரியெஸ்தே நகரில் இருந்த ஒரு கணினி என் கடிதத்தைப் படித்து, நான் கேட்ட பக்கத்துக்குத் தானே போய், அதிலிருந்த எழுத்தை எடுத்து மடித்து எனக்குப் பதில் கடிதமாக அனுப்பியிருந்தது. அந்தச் சேவைக்கு டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ-4-மெயில் என்று பெயர். பக்கத்தில் இருக்கும் இணைப்புகளையும் முகவரியோடு கொடுக்கும். அடுத்து எது வேண்டுமோ அதை எழுதிப் போட்டால் மறுநாள் அதுவும் வரும். ஒரு புத்தகத்தின் நான்கு பகுதிகளை வாங்க நான்கு ராத்திரி ஆகும். அந்த நான்கு ராத்திரியும் எனக்குத் திருவிழா.

நான் முதலில் கேட்டது திருக்குறள். தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்த மதுரைத் திட்டத்தாரின் முதல் நூலும் அதுதான். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் திட்டத்தைச் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஆளுக்கொரு பகுதியாகத் தட்டச்சு செய்து, மெயிலில் அனுப்பிச் சேர்த்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றினார்கள். சம்பளம் வாங்காத வேலை. தமிழ்நாட்டுக்கு வெளியே, தெலுங்குவழிப் பள்ளியில் படித்த என்னைப் போன்றவனுக்கு அது எவ்வளவு பெரிய கொடை என்பதை அவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்களா தெரியாது. இன்றைக்கும் அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்தக் கதையைத் தாண்ட முடியவில்லை.

வந்த கடிதத்தைத் திறந்தால், பக்கம் முழுக்கத் தலையில் புள்ளியும் வாலில் கொக்கியும் முளைத்த ரோமன் எழுத்துகள். ஃபிளாப்பியில் வைத்திருந்த தமிழ் எழுத்துருவை ஏற்றி, முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றியதும், புள்ளியும் கொக்கியும் போய்க் குறள் நின்றது. யூனிகோடு பரவாத காலம். மெயில் வழிகள் ஆங்கிலத்துக்காகவே போடப்பட்டவை. தமிழ் எழுத்துகள் அவற்றைக் கடக்க மாறுவேடம் போட வேண்டியிருந்தது. சில வரிகளில் வேடம் சரியாகக் கலையவில்லை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சமக்குறியும், அதன் பின்னால் ரோமன் எழுத்தோ எண்ணோ இரண்டும் நிற்கும்.

அதை அச்செடுத்து ஊருக்குக் கொண்டு போனேன். அம்மாவின் தம்பி, என் மாமா, தமிழ் வாத்தியாராக இருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, சமக்குறி நிற்கும் இடத்தில் எல்லாம் சிவப்புப் பேனாவால் சரியான எழுத்தை எழுதிக்கொண்டே போனார். புத்தகத்தைப் பார்க்கவில்லை, எல்லாம் மனப்பாடம். திரியெஸ்தேயிலிருந்து வரும் வழியில் விழுந்துபோன எழுத்தை விஜயபுரத்துத் திண்ணையில் எடுத்து வைத்தார். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

மெயில் ஏறி வந்த உலகம்

திரியெஸ்தேயில் அந்தச் சேவையை உருவாக்கியது ஒரு வணிக நிறுவனம் இல்லை, இயற்பியல் மையம். இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவியது. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1951-இல் லாகூருக்குத் திரும்பிய சலாமுக்கு, பேச ஆளில்லாமல், புதிய ஆய்விதழ்கள் கைக்கு வராமல் மூன்றே ஆண்டில் மறுபடியும் கேம்பிரிட்ஜுக்கே போக நேர்ந்தது. அறிவு இருக்கும் ஊரை விட்டுத் தள்ளி இருப்பவனின் தனிமை அவருக்குத் தெரியும். அந்த மையத்திலிருந்து, இணையம் எட்டாத நாடுகளின் விஞ்ஞானிகளுக்கு மெயிலிலேயே பக்கங்களை அனுப்பும் கருவி பிறந்ததில் வியப்பில்லை. 2001-இல் ஆய்வுக் கட்டுரைகளையே மெயிலில் அனுப்பும் சேவையையும் அவர்கள் தொடங்கினார்கள்.

அதற்கும் முன்னால் அகோரா என்ற இதே போன்ற சேவை இருந்தது. இணைய வலை பிறந்த செர்ன் ஆய்வகத்தில் ஆர்தர் சீக்ரே எழுதியது. 'அனுப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தின் முகவரியையும் ஒரு வரியில் எழுதிப் போட்டால் போதும். அந்தக் காலத்தில் பாப் ரேங்கின் என்ற அமெரிக்கர் எழுதிய கையேடு ஒன்று உலகைச் சுற்றி வந்தது. மெயில் மட்டும் இருந்தால் இணையத்தில் எதையெல்லாம் எடுக்கலாம் என்று வரிவரியாகச் சொல்லும் அந்தக் கையேடும் மெயிலில்தான் கிடைக்கும்.

இதய மருத்துவர் பெர்னார்ட் லௌன் தொடங்கிய சாட்டலைஃப் அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்குத் தாழப் பறக்கும் சிறு செயற்கைக்கோள் வழியாக மெயில் கொண்டு சேர்த்தார்கள். கோள் நாளைக்குச் சில முறைதான் தலைக்கு மேல் கடக்கும். கடக்கும்போது கடிதத்தை வாங்கிக்கொண்டு போய், அடுத்த ஊருக்கு மேலே போகும்போது இறக்கி வைக்கும். சைக்கிளில் வரும் தபால்காரர் செய்வதும் இதுதான், இவர் வானத்தில் போனார்.

மெயிலின் அடிப்படைக் குணம் காத்திருப்பது. இணையப் பக்கம் திறக்க, இந்த முனையும் அந்த முனையும் இடையில் இருக்கும் அத்தனை வழியும் ஒரே நொடியில் விழித்திருக்க வேண்டும். ஒன்று கண்ணயர்ந்தால் வட்டம் சுற்றும். மெயிலுக்கு அது தேவையில்லை. வழி திறக்கும் வரை பெட்டியில் கிடக்கும். ஒரு கணு தாண்டியதும் அடுத்த கணுவில் போய் உட்காரும். கரண்ட் போனாலும் போன் லைன் அறுந்தாலும் அது தொலைவதில்லை, தாமதமாகிறது.

இந்தியாவுக்கு இணையம் வந்ததே இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான். 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டம், சென்னை ஐஐடி உட்பட எட்டு நிறுவனங்களை இணைக்க முனைந்தது. பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் ஸ்ரீனிவாசன் ரமணியும் அவருடைய குழுவினரும் முதலில் ஓடவிட்டது மெயிலைத்தான். பிறகு 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய், நொடிக்கு 9.6 கிலோபிட் வேகம். மாணவர்களுக்கு எழுத்து மட்டும் தெரியும் கணக்கு, படம் வராது. பெருநகரத்தில் இருப்பவருக்கே இவ்வளவு. எங்களைப் போன்ற ஊர்க்காரர் அங்கிருக்கும் டயல்-அப் எண்ணுக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் நுழைய முடியும். மீட்டர் ஓடுகிற சத்தம் நெஞ்சில் கேட்கும்.

வீராம்பட்டினத்தின் ஒலிபெருக்கி

இணைய வசதி குறைந்த ஊருக்கு வலையில் இருப்பதைக் கொண்டு சேர்த்ததில் தமிழ் நிலத்தின் பெரிய கதை புதுச்சேரியில் நடந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கிறது. போதிய அளவு யாரும் பேசுவதில்லையே என்று வருத்தமாகவும் இருக்கிறது.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியோடு, வில்லியனூரை நடுவாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. ஏம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே இயங்கியது, பெண்கள் நடத்தினார்கள். கிராமத்துக்குக் கிராமம் போன் கம்பியை நம்ப முடியாது. எனவே வில்லியனூரில் டயல்-அப் இணைப்பும் மெயிலும் வைத்துக்கொண்டு, அங்கிருந்து கிராமங்களுக்குச் செய்தியை விஎச்எஃப் ரேடியோ வழியாகத் தள்ளினார்கள். மின்சாரம் போனால் சூரியத் தகடு. மைய ஊரில் இணையம் கொஞ்சம் நேரம் கிடைத்தால் போதும்; மீதி வேலையை ரேடியோவும் மனிதர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

வீராம்பட்டினம் மீனவ ஊர். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? வங்கக் கடலின் அலை உயர முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் போட்டுக்கொண்டிருந்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் சொல்லி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே குழாய் ஒலிபெருக்கியில் அது ஊருக்கே கேட்கும். போர்க்கப்பல்களுக்காகக் கணக்கிட்ட எண், கட்டுமரம் தள்ளப் போகிறவனின் காதில் போய் விழுந்தது. அவனுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, எழுத்தே தெரிய வேண்டியதில்லை. வலை உலருகிற இடத்தில் நின்றபடி காது கொடுத்தால் போதும்.

இணைய வசதி என்றால் ஆளுக்கொரு போன், வீட்டுக்கொரு இணைப்பு என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். வீராம்பட்டினத்தில் ஊருக்கு ஒரு இணைப்புகூட நேராகக் கிடையாது. ஆனால் அலையின் உயரம் தினமும் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு வந்தது, நடுவில் உட்கார்ந்து படித்து, பிரித்து, நம் பேச்சில் சொன்ன ஒரு மனிதச் சங்கிலி.

2004 டிசம்பர் 26 காலையில் அந்தச் சங்கிலி உயிரைக் காத்தது. பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டிலும் அப்படியொரு தகவல் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர், டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் போட்டார். செய்தி ஒலிபெருக்கி ஏறியது. ஏறத்தாழ 3,600 பேர் மேட்டுக்கு ஓடினார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின, மனிதர்கள் பிழைத்தார்கள். அலை உயரத்தை அன்றாடம் ஒலித்துப் பழகிய கடலோரம் அது. அந்தக் குழாயிலிருந்து வரும் சொல்லை நம்பலாம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. நம்பிக்கையை ஒரே நாளில் கட்ட முடியாது.

இலங்கையிலும் 1999-இல் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலி இதையே வேறு விதமாகச் செய்தது. நேயர்கள் கடிதத்தில் கேள்வி எழுதிப் போடுவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, வல்லுநரை அருகில் வைத்துக்கொண்டு, விடையை வானொலியிலேயே விளக்குவார்.

பாரமான பக்கங்கள்

இதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் எல்லோர் கையிலும் 4ஜி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இன்று சராசரி இணையப் பக்கம் ஒன்று 2 எம்பிக்கு மேல் எடை. 1995-இன் 9.6 கிலோபிட் இணைப்பில் அதை இறக்கினால் 27 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே பக்கத்தில் இருக்கும் உண்மையான செய்தி, தமிழில் 2,000 குறிகள் என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடில் ஒரு குறிக்கு 3 பைட், ஆக மொத்தம் 6 கேபி. அதே பழைய மோடத்தில் ஐந்து நொடி. ஐந்து நொடியில் வர வேண்டிய செய்தியை அரை மணி நேரச் சுமைக்குள் புதைத்து வைத்திருக்கிறோம்.

2020 மார்ச்சில் காஷ்மீரில் 2ஜி வேகம்தான் அனுமதிக்கப்பட்டிருந்தது. கொரோனா நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சை வழிகாட்டி நூலை ஸ்ரீநகர் மருத்துவர் ஒருவர் இறக்க முயன்றார். 24 எம்பி. ஒரு மணி நேரமாகியும் முடியவில்லை என்று அவர் பொதுவெளியில் எழுதியதை நாடே படித்தது. அந்த நூலின் எழுத்தை மட்டும் யாராவது மெயிலில் போட்டிருந்தால் சில நிமிடங்களில் அவர் கையில் இருந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை.

கியூபாவில் 2014-இல் கைபேசிக்கு மெயில் வந்தது, இணையம் வரவில்லை. கைபேசியில் 3ஜி இணையம் 2018 டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்ரெதஸ்தே என்ற சேவை, மெயிலின் தலைப்பில் கேட்டதை எழுதினால் விக்கிப்பீடியா பக்கத்தையும் வானிலையையும் செய்தியையும் பதில் மெயிலாக அனுப்பியது. நடுக்கடலில் பாய்மரப் படகில் போகிறவர்கள் பலர் இன்றைக்கும் செயில்டாக்ஸ் என்ற சேவைக்கு மெயில் போட்டு வானிலையை வாங்குகிறார்கள். நீண்ட தூர ரேடியோவிலும் செயற்கைக்கோள் போனிலும் அவர்களுக்குக் கிடைப்பது மெல்லிய நூல் போன்ற இணைப்பு, அதில் பாரமான பக்கம் ஏறாது.

வாட்ஸ்ஆப் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுவும் மெயிலைப் போலவே காத்திருந்து போய்ச் சேரும். கிராமங்களில் அது வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். ஆனால் அதில் வருவது யாரோ எடுத்த அறிவிப்பின் மங்கலான படம். கடைசித் தேதி மடிப்பில் மறைந்திருக்கும். யார் முதலில் அனுப்பியது, இந்த ஆண்டினதா போன ஆண்டினதா, ஒன்றும் தெரியாது. எஸ்எம்எஸ் நம்பகமானது, எந்த போனிலும் வரும். ஆனால் தமிழிலோ தெலுங்கிலோ எழுதினால் ஒரு செய்திக்கு 70 குறிதான். ஒரு சான்றிதழின் பெயரைச் சொல்வதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

ஆகவே நான் கேட்பது மிகச் சிறிய விஷயம். மக்களுக்கு அறிவிப்புப் போடும் ஒவ்வொரு அலுவலகமும், தேர்வு முடிவு சொல்லும் ஒவ்வொரு வாரியமும், மாங்காய் விலையும் மழைக் கணிப்பும் சொல்லும் ஒவ்வொரு துறையும் ஒரு மெயில் முகவரி வைக்கட்டும். பொருளின் பெயரை எழுதிப் போட்டால், அந்த அறிவிப்பு வெறும் எழுத்தாக, தேதியோடு, அனுப்பியவர் பெயரோடு, தமிழிலோ தெலுங்கிலோ தானாகத் திரும்பி வரட்டும். 1999-இல் ஓர் இயற்பியல் மையம் உலகத்துக்கே இலவசமாகச் செய்த வேலை இது. எங்கள் மண்டலத்தில் தோத்தாபுரி மாங்காய் போடுகிறவர், நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர், உதவித்தொகைக்கு எழுதிப் போடும் பெண்பிள்ளை, யாருக்கும் சுழலும் படங்கள் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது அந்த 6 கேபி.

அதை வாங்கிப் படித்துச் சொல்ல ஊருக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் விஜயபுரத்தில் இருக்கிறாள். நெட் சென்டரிலிருந்து திரும்பி வந்த என் அக்கா மகள், தனக்கு வந்த அந்த மெயிலைத் தெலுங்கிலும் எழுதி, தெருவில் இன்னும் நான்கு பெண்களுக்குப் படித்துக் காட்டினாள்.

ஊரை விட்டுக் கிளம்பும் நாளில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அந்தப் படகுக்காரர்களின் சேவைக்கு ஒரு மெயில் எழுதினேன். ஒரே வரி: வீராம்பட்டினத்துக்கு நேரே உள்ள கடலின் அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று வேண்டும், அலை வேண்டும். சிக்னல் இல்லை. மெயில் பெட்டியிலேயே உட்கார்ந்துகொண்டது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். எல்லையைத் தாண்டித் திருத்தணியை நெருங்கும்போது பையில் ஒரு சிறு அதிர்வு. மெயில் எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது, பதில் வந்திருந்தது. தேதி, நேரம், காற்றின் திசை, வேகம், அலை உயரம், வரிசையாக எண்கள்.

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா அது, ஒரே நம்பரா இருக்குது?" என்றார்.

"புதுச்சேரிப் பக்கம் கடல்ல அலை எவ்ளோ உயரம்னு வந்திருக்குதுங்க ஐயா."

"அப்படியா! கொஞ்சம் படிச்சுக் காட்டு, கேட்கலாம்" என்று காதைக் கிட்டே கொண்டுவந்தார்.